பழைய இரும்பும் அதைச் சுமக்கும் கைகளும்

(எமது சங்க மண்டபத்தில் ஆயுத பூசைத் தினத்தன்று நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று காலை இம்மண்டபத்துக்குள் வந்தவர்கள் பூசைப் பீடத்தைப் பார்த்திருப்பீர்கள். தச்சரின் உளி, கமக்காரரின் மண்வெட்டி, தையற்காரரின் கத்தரிக்கோல், வாகனம் ஓட்டுபவரின் திறப்பு, மாணவரின் பேனா ஆகிய எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டுப் பூச்சாத்தி வைத்திருக்கிறோம். சங்கச் செயலாளர் என்னிடம் ஆயுத பூசையின் தத்துவம் பற்றிப் பேசும்படி கேட்டிருந்தார். தத்துவத்தை என்னிலும் தெளிவாக எடுத்துரைக்க வல்ல பெரியோர்கள் முன் வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். ஆகையால் அப்பணியை அவர்களுக்கே விட்டுவிட்டு, பீடத்தில் இருக்கும் கருவிகளைப் பற்றி வேறொரு கேள்வியை எழுப்ப எண்ணினேன். இக் கருவிகளில் பெரும்பாலானவை இரும்பு. இவை தேய்ந்து முறிந்து பயனற்றுப் போனபின் எங்கே போகின்றன? அவற்றை எடுத்துச் செல்பவர் யார்? அவருடைய கதி என்ன? இக் கேள்வி எனக்கு எழுந்தது ஏட்டைப் படித்தல்ல. இம் மண்டபத்தின் பின்வளவிலே நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியால் எழுந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற மாதம் விழாவை முன்னிட்டு மண்டபத்தைத் துப்புரவு செய்தோம். பழைய கேற்று, துருப்பிடித்த கதிரைக் கால்கள், ஓட்டை விழுந்த கூரைத் தகரம், பெயின்ற் பேணிகள், பாவனைக்கு உதவாத எண்ணெய்ப் பரல் ஒன்று, இப்படி ஒரு குவியல் சேர்ந்தது. பழைய இரும்பு வாங்கும் முதியவர் ஒருவரை அழைத்தோம். அவர் சைக்கிளில் தராசையும் சாக்குகளையும் கட்டிக்கொண்டு வந்தார். எங்கள் வாலிபர்கள் கிலோவுக்குச் சில ரூபாய் கூடக் கேட்டு அரை மணி நேரம் பேரம் பேசினார்கள். அவர் தராசைப் பிடித்த விதத்தைப் பார்த்து ஒருவர் பகிடியும் விட்டார், மற்றவர்கள் சிரித்தார்கள். நான் அதைத் தடுக்கவில்லை. அந்தப் பேரத்தில் நானும் பங்குகொண்டவன் என்பதை உங்கள் முன்னிலையில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நிறுத்து முடிந்ததும் அவர் பரலைத் தனியே உருட்டி வைத்தார். அதன் மூடி இறுக்கி மூடியிருந்தது. ஒரு கல்லின்மேல் குந்தியிருந்து நெடுநேரம் பிரயாசைப்பட்டு அந்த மூடியைத் திறந்து, உள்ளே கிடந்த கறுத்த நீரையும் எண்ணெயையும் வடித்தார். ஏன் இந்தச் சிரமம் என்று ஒரு வாலிபர் கேட்டார். அதற்கு அவர் சொன்னார்: “தம்பிமார், இதை மூடினபடி தரக்கூடாது. உள்ளுக்கு எண்ணெயோ தண்ணியோ நிண்டா, உலையடியிலை நிக்கிற பிள்ளையைத்தான் அது பிடிக்கும். என்ரை தங்கச்சியின்ரை மகன் அந்த வேலைக்குப் போனவன். முகம் வெந்து திரும்பி வந்தவன்.”

அவ்வளவுதான். பணத்தை எண்ணித் தந்துவிட்டுப் போய்விட்டார். அவர் போனபின்புதான் அவருக்கு ஒரு கோப்பை தேநீரேனும் கொடுக்கவில்லை என்பது என் நினைவுக்கு வந்தது. தாம் ஒருபோதும் காணப்போகாத ஒரு தொழிலாளியின் முகத்தைக் காப்பதற்காக அவர் அந்த மூடியோடு போராடினார். நாங்களோ சில ரூபாய்களுக்காக அவரோடு போராடினோம். அன்றிரவு எனக்கு நல்ல உறக்கம் வரவில்லை. பழைய இரும்பு போகும் பாதையைப் பற்றி அதன் பின்னரே கருத்தூன்றிப் படித்தேன். படித்தவற்றின் சாரத்தையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

அன்பர்களே, மரம் எரிந்தால் சாம்பலாகும். துணி கிழிந்தால் கந்தையாகும். இரும்புக்கு அந்த நியதி இல்லை. எத்தனை முறை உருக்கினாலும் அது மீண்டும் இரும்பாகவே நிற்கும். நேற்றுப் பாலத்தின் விட்டமாக இருந்தது நாளை வீட்டுக் கூரையின் கம்பியாகலாம். அதன்பின் ஒரு கலப்பையின் கொழுவாகலாம். ஆன்மா ஓர் உடலை விட்டு இன்னோர் உடலை எடுப்பதைப் பற்றிப் பெரியோர்கள் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இரும்பின் நினைவு வருவதுண்டு. உவமையை அதற்குமேல் இழுக்க நான் துணியவில்லை.

அம் முதியவரின் சைக்கிளில் ஏறிய இரும்பு முதலில் ஒரு சிறு கடைக்குப் போகிறது. அங்கே இரும்பு, பித்தளை, செம்பு, அலுமினியம் என்று பிரிக்கிறார்கள். காந்தத்தில் ஒட்டுவது எது, ஒட்டாதது எது, தட்டினால் எழும் ஓசை என்ன, உடைத்தால் உள்ளே தெரியும் மணி எத்தகையது என்று பார்த்தே வார்ப்பிரும்பையும் உருக்கையும் வேறாக்குகிறார்கள். பள்ளிக்கூடம் போகாதவரும் இந்த விஞ்ஞானத்தைக் கையாலும் காதாலும் கற்றிருக்கிறார். அங்கிருந்து பெரிய வியாபாரியிடம் லொறியில் போகிறது. அங்கே வெட்டுகிறார்கள், நசுக்குகிறார்கள், கட்டுகளாக்குகிறார்கள். ஈற்றில் அது உருக்காலையின் வாசலை அடைகிறது.

இந்தப் பிரித்தல் வேலை அற்பமானதென்று எண்ணிவிட வேண்டாம். இரும்போடு செம்பு கலந்து உலைக்குள் போய்விட்டால், அதை மீண்டும் வெளியே எடுக்க ஆலைகளில் இலகுவான வழி இல்லை. ஈயமும் நாகமும் வெப்பத்தில் ஆவியாகிப் போகும். அலுமினியம் கசடோடு சேர்ந்து மேலே மிதக்கும். செம்போ இரும்போடு தங்கிவிடும். அத்தகைய உருக்கைக் காய்ச்சிக் கம்பியாக உருட்டும்போது மேற்பரப்பிலே வெடிப்புகள் தோன்றும். ஒரு மோட்டாரின் செம்புக் கம்பியைச் சந்திலுள்ள கடையில் ஒருவர் பொறுமையோடு பிரித்தெடுக்காவிட்டால், அந்தக் குறை ஒரு வீட்டின் தூணுக்குள் போய்ச் சேரக்கூடும். வீட்டுக்காரருக்கு அந்தக் கைகளின் சொந்தக்காரர் யாரென்று தெரியாது. ஆயினும் அவருடைய கூரை அந்தக் கைகளில்தான் தங்கியிருக்கிறது.

ஆலையிலே பழைய இரும்பை உருக்குவதற்கு மின்வில் உலை என்னும் சாதனத்தைப் பயன்படுத்துகிறார்கள். பிரான்ஸ் தேசத்து விஞ்ஞானியான போல் எரூ என்பவர் 1900ஆம் ஆண்டளவில் இதை உருக்குத் தொழிலுக்கு ஏற்றதாக்கினார். பெரிய கிண்ணம் போன்ற உலைக்குள் பழைய இரும்பைக் கொட்டி, மேலிருந்து காரீயகத்தாலான தடித்த தண்டுகளை இறக்குவார்கள். தண்டுகளுக்கும் இரும்புக்கும் இடையே மின்சாரம் மின்னலைப் போலப் பாயும். இரும்பு உருகி 1,600 பாகை செல்சியசை எட்டும். சுண்ணாம்பு இட்டு அழுக்கைக் கசடாக்கி அகற்றுவார்கள். அந்த வேளையில் எழும் இரைச்சலை நேரிற் கேட்டவர்கள் அதை ஓயாத இடிமுழக்கம் என்றே வருணிப்பார்கள்.

இப்போது அந்தப் பரலுக்குத் திரும்புவோம். நீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும். மூடிய கலத்துக்குள் அகப்பட்ட நீர் உருகிய இரும்புக்குள் விழுந்தால், விரிவதற்கு இடமின்றிக் குண்டைப்போல் வெடிக்கும். உருகிய இரும்பை அள்ளி வெளியே வீசும். காஸ் சிலிண்டர், மூடிய பேணி, இரு பக்கமும் அடைபட்ட குழாய், மழைநீர் தங்கிய தகரப் பெட்டி ஆகிய எல்லாம் இவ்வாறு கொல்லக்கூடியவை. ஒரு மூடியைத் திறந்துவைக்கும் சிறு செயலுக்கு எவ்வளவு பெறுமதி உண்டு என்பதை இதிலிருந்து அறிந்துகொள்ளலாம்.

இத் தொழிலால் உலகத்துக்கு என்ன நன்மை என்று கேட்கலாம். 2023ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் ஏறக்குறைய 189 கோடி தொன் உருக்கு உற்பத்தியாயிற்று. அதிலே நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டது மின் உலைகளில் பிறந்தது. ஒரு தொன் பழைய இரும்பை மீண்டும் உருக்கினால் 1.4 தொன் இரும்புத் தாதும், 740 கிலோ நிலக்கரியும், 120 கிலோ சுண்ணாம்புக் கல்லும் மிச்சமாகின்றன என்று உலக உருக்குச் சங்கம் கணக்கிட்டிருக்கிறது. வானத்தைச் சூடாக்கும் கரிவாயுவும் ஒன்றரைத் தொன் அளவில் குறைகிறது. மலைகள் அகழப்படாமலும் காற்று கெடாமலும் காக்கப்படுவதற்குப் பெரிய மாநாடுகளில் பேசுபவர்கள் மட்டும் காரணமல்லர். தராசுடன் தெருத்தெருவாகச் செல்லும் அந்த முதியவரும் ஒரு காரணம்.

இரும்பை உருக்கும் கலை எமது நாட்டுக்கு அந்நியமானதுமன்று. பலாங்கொடைக்குத் தெற்கே சமனலவெவப் பகுதியிலே, மலைச்சரிவுகளில் பழங்கால உலைகளின் வரிசைகளைத் தொல்பொருள் ஆராய்ச்சியாளர் கில் ஜூலெப் அம்மையார் கண்டு ஆராய்ந்தார். தென்மேல் பருவக்காற்று மோதும் திசையை நோக்கி அவை அமைக்கப்பட்டிருந்தன. கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை அங்கே துருத்தியை ஊதும் வேலையைக் காற்றுக்கே விட்டு இரும்பை உருக்கியிருக்கிறார்கள். அவர் அதே விதமான உலையைக் கட்டிப் பரீட்சித்து, உயர்ந்த உருக்கு அதிலே பிறப்பதையும் கண்டார். 1996இல் இச் செய்தி உலகப் புகழ்பெற்ற ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளிவந்தது. பின்னர் 1960களில் சோவியத் நாட்டின் உதவியோடு ஒருவலவில் உருக்கு ஆலை எழுந்ததைப் பெரியோர்கள் அறிவார்கள். காற்றை அடக்கி ஆண்ட அந்தப் பழைய கொல்லர்களில் ஒருவருடைய பெயரும் எமக்குக் கிடைக்கவில்லை. உழைத்தவரின் பெயர் மறைந்து, உழைப்பு மட்டும் மண்ணுக்குள் கிடந்தது.

இனி, பழைய இரும்பின் மிகப் பெரிய சந்தை எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். அது கடற்கரையில் இருக்கிறது. சமுத்திரத்தில் ஓடும் பெரிய கப்பலின் ஆயுள் பெரும்பாலும் இருபத்தைந்து முப்பது ஆண்டுகள். அதன்பின் அது இரும்பாக விற்கப்படும். இந்தியாவிலே குஜராத் மாநிலத்தின் பவநகர் மாவட்டத்தில், கம்பாத் வளைகுடாக் கரையிலே அலங் என்னும் ஊர் உண்டு. அங்கே கடல் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 10 மீற்றர். பெருக்கு உச்சத்தில் இருக்கும்போது கப்பலை முழு வேகத்தில் கரையை நோக்கி ஓட்டி மணலில் ஏற்றிவிடுவார்கள். நீர் வற்றியதும் அது கரையில் அகப்பட்ட திமிங்கிலம் போலக் கிடக்கும். 1983ஆம் ஆண்டிலே இந்தத் தொழில் அங்கே தொடங்கியது.

ஒடிசா, பீகார், உத்தரப் பிரதேசம் முதலிய தூர இடங்களிலிருந்து வறுமையால் தள்ளப்பட்டு வந்த இளைஞர்களே அக் கப்பல்களை வெட்டுகிறார்கள். கையிலே காஸ் விளக்கு, சுற்றிலும் தீப்பொறி. மேற்றளத்திலிருந்து அடித்தளம் வரை துண்டு துண்டாக வெட்டி இறக்குகிறார்கள். தடித்த தகடுகள் பலவற்றை உருக்கவேண்டிய அவசியமே இல்லை. கீற்றுகளாக வெட்டிக் காய்ச்சி உருட்டினால் கட்டிடக் கம்பியாகிவிடும். கப்பலின் கட்டில், மேசை, கோப்பை, உயிர்காப்பு வள்ளம் ஆகிய எல்லாம் அலங்குக்குப் போகும் வீதியோரக் கடைகளில் விலைக்கு வருகின்றன. மனிதன் கட்டிய கப்பல்களிலே மிக நீளமானது 458 மீற்றர் நீளமுள்ள எண்ணெய்க் கப்பல். ‘சீவைஸ் ஜயன்ற்’ என்னும் பெயரால் புகழ்பெற்ற அக்கப்பல் 1988இல் ஈரான் ஈராக் யுத்தத்தில் தாக்கப்பட்டும் அழியாமல் மீட்கப்பட்டு மீண்டும் ஓடியது. யுத்தத்தால் அழிக்க முடியாத அக்கப்பலை 2010ஆம் ஆண்டளவில் அலங் தொழிலாளரின் கைகள் துண்டு துண்டாக்கின.

பங்களாதேசத்தின் கதை இன்னும் விசித்திரமானது. 1960இல் வீசிய சூறாவளி ஒரு கிரேக்கக் கப்பலைச் சிட்டகொங் அருகே சீதாகுண்டக் கரையில் ஏற்றிவிட்டது. அதை மீண்டும் கடலில் இறக்க முடியவில்லை. சில ஆண்டுகளின்பின் அதை உடைத்து இரும்பாக்கினார்கள். பின்னர் 1971ஆம் ஆண்டு யுத்தத்தில் சேதமுற்ற கப்பலொன்றும் அதே கரையில் வெட்டப்பட்டது. 1980களில் அது பெருந் தொழிலாக வளர்ந்தது. இரும்புத் தாது இல்லாத அந்த நாட்டிலே, வீடுகளும் பாலங்களும் எழுவதற்கு வேண்டிய உருக்கில் பெரும்பகுதியை நெடுங்காலம் இக் கப்பல்களே கொடுத்தன. ஆகையால் இத் தொழிலை மூடிவிட வேண்டும் என்று தூரத்திலிருந்து எளிதாகச் சொல்லிவிட முடியாது. அதிலே ஒரு நாட்டின் கட்டிடமும் பல்லாயிரம் குடும்பங்களின் சோறும் அடங்கியிருக்கின்றன.

ஆனால் அந்தச் சோற்றுக்குக் கொடுக்கப்படும் விலை என்ன? எண்ணெய்த் தாங்கிக்குள் எஞ்சிய ஆவியிலே தீப்பொறி பட்டால் வெடிக்கும். வெட்டிய தகடு எதிர்பாராத திசையில் விழும். உயரத்தில் நின்றவர் கால் தவறுவார். பழைய கப்பல்களில் வெப்பத்தைத் தடுக்க வைத்த கல்நார் நுண்ணிய தூசாகச் சுவாசத்தில் போய், இருபது முப்பது ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படும். அப்பொழுது அந்தத் தொழிலாளி எந்த ஊரில் இருப்பாரோ, யார் அவருக்கு நட்டஈடு கொடுப்பாரோ? 2016ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி பாகிஸ்தானின் கடானிக் கரையில் ஓர் எண்ணெய்க் கப்பல் வெடித்துத் தீப்பற்றியது. இருபதுக்கு மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர். மூடிய பரலைத் திறந்துவைத்த முதியவரின் எச்சரிக்கையை இங்கே நினைத்துப் பாருங்கள். கப்பலும் ஒரு பெரிய பரல்தான். அதைத் திறந்து துப்புரவாக்கிக் கொடுக்கவேண்டியவர் விற்றவர்.

இந்த நியாயத்தை உலகம் மெல்ல மெல்லவே ஏற்றது. 2003ஆம் ஆண்டில் இந்திய உயர் நீதிமன்றம், நச்சுப் பொருள்களை அகற்றியபின்பே கப்பலை உடைக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. 2005ஆம் ஆண்டு முடிவில் பிரான்ஸ் அரசாங்கம் தனது பழைய யுத்தக் கப்பலான ‘கிளெமென்சோ’வை அலங்குக்கு அனுப்பியது. அதனுள்ளே பெருந்தொகையான கல்நார் இருந்தது. இந்தியாவிலும் பிரான்சிலும் மக்கள் எதிர்த்தார்கள், வழக்குகள் தொடுத்தார்கள். 2006 பெப்ரவரியில் ஜனாதிபதி சிராக் அதைத் திரும்பி வரும்படி கட்டளையிட்டார். பின்னர் அது இங்கிலாந்தின் ஹாட்லிபூல் துறைமுகத்தில் உடைக்கப்பட்டது. செல்வ நாட்டின் குப்பையை வறிய நாட்டின் சுவாசப்பையில் கொட்டுவது முறையன்று என்பதை ஒரு பெரிய அரசாங்கமே ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

2009ஆம் ஆண்டு மே மாதத்தில் ஹொங்கொங்கில் ஒரு சர்வதேச உடன்படிக்கை நிறைவேறியது. ஒவ்வொரு கப்பலும் தன்னுள்ளே எந்தெந்த நச்சுப் பொருள் எங்கெங்கே இருக்கிறது என்ற பட்டியலை வைத்திருக்க வேண்டும். உடைக்கும் தளங்கள் பாதுகாப்பு விதிகளுக்கு அமைய வேண்டும் என்பது அதன் சாரம். இந்தியா 2019இலும் பங்களாதேசம் 2023இலும் இணைந்தன. பதினாறு ஆண்டுகள் காத்திருந்தபின், 2025 யூன் 26ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. அலங்கிலே பல தளங்களில் இப்போது சீமெந்துத் தரையும் பாரந்தூக்கி யந்திரங்களும் தலைக்கவசங்களும் காணப்படுகின்றன. நல்ல மாற்றம்தான். ஆனால் சட்டம் காகிதத்திலே பிறந்து கடற்கரையை அடைவதற்கிடையில் எத்தனை உயிர்கள் போயின என்பதை மறந்துவிடலாகாது.

அன்பர்களே, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு அபாயமும் பழைய இரும்போடு வருவதுண்டு. 1983ஆம் ஆண்டின் இறுதியில் மெக்சிக்கோ நாட்டின் ஹுவாரெஸ் நகரிலே, புற்றுநோய்ச் சிகிச்சைக்குரிய பழைய யந்திரம் ஒன்று இரும்புக் கடைக்குப் போயிற்று. அதனுள்ளே கோபாற்று 60 என்னும் கதிர்வீசும் பொருள் சிறு மணிகளாக இருந்தது. அது உருக்கோடு கலந்து கட்டிடக் கம்பிகளாகவும் மேசைக் கால்களாகவும் மாறியது. 1984 சனவரியில் அக்கம்பிகளை ஏற்றிச்சென்ற லொறியொன்று அமெரிக்காவில் லொஸ் அலமொஸ் அணு ஆய்வுகூடத்தின் பக்கமாகத் தற்செயலாகப் போனபோதே அங்கிருந்த கருவி எச்சரித்தது. லொறி வழிமாறிப் போகாதிருந்தால் உண்மை எப்போது வெளிவந்திருக்குமோ!

எமக்கு அருகிலும் அத்தகைய துன்பம் நேர்ந்தது. 2010ஆம் ஆண்டில் டில்லி மாநகரின் மாயாபுரி இரும்புச் சந்தைக்கு, ஒரு பல்கலைக்கழகத்தின் பழைய ஆய்வுகூடக் கருவியொன்று ஏலத்தில் விற்பனையாகி வந்தது. அதிலும் கோபாற்று 60 இருந்தது. கற்றறிந்தவர்கள் அதை அறிந்து அகற்றியிருக்க வேண்டும். அறியாத தொழிலாளர் அதை வெட்டினார்கள். பலர் நோயுற்று வைத்தியசாலையில் கிடந்தார்கள். ஒருவர் உயிர் துறந்தார். இதில் பிழை செய்தவர் யார், தண்டனை பெற்றவர் யார் என்பதை வாலிபர்கள் தம் மனச்சாட்சியைக் கேட்டுப் பார்க்க வேண்டும். அறிவுடையோரின் கவலையீனத்துக்கு அறியாதவர் உயிரைக் கொடுத்தார்.

எமது சொந்த மண்ணின் கதையையும் தொடாமல் விட முடியாது. 1905ஆம் ஆண்டில் காங்கேசன்துறை வரை போடப்பட்ட புகையிரதப் பாதையை நாமெல்லாம் அறிவோம். 1990இல் யாழ்தேவி நின்றது. யுத்த காலத்தில் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் போயின. ஊர்களை இணைத்த இரும்பு ஊர்களைப் பிரிக்கும் அரணாயிற்று. 2014இல் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் புகையிரதம் வந்தபோது கண்கலங்காத முதியவர் யார்? யுத்தம் முடிந்தபின் வன்னி மண்ணிலே சிதறிக் கிடந்த இரும்பைப் பொறுக்கிப் பல குடும்பங்கள் சீவித்தன. கிண்டிய இடத்திலே வெடிக்காத குண்டு அகப்பட்டுக் கையிழந்தவரும் உயிரிழந்தவரும் உண்டு. ஒரு சாக்கு இரும்பின் விலைக்காக ஒரு தகப்பன் தன் கையைப் பணயம் வைக்க நேர்ந்தது. அந்த இரும்பு நமது வீட்டுக் கம்பியிலும் கலந்திருக்கக் கூடும்.

இவர்களை நமது சமுதாயம் எவ்வாறு நோக்குகிறது? அழுக்குடுப்பு, துருப்பிடித்த கை, தெருவிலே கூவும் குரல் என்று சொல்லி வாசலுக்கு வெளியே நிறுத்துகிறோம். நமது சமயம் அப்படிப் போதிக்கவில்லை. சேக்கிழார் பெருமான் பாடிய அறுபத்துமூவரில் திருநீலகண்டர் மட்பாண்டம் வனைந்தவர், அதிபத்தர் வலை வீசியவர், கலியர் செக்காட்டியவர், திருக்குறிப்புத் தொண்டர் அடியார்களின் அழுக்குத் துணியை வெளுத்தவர். ஒரு கந்தையை உரிய நேரத்தில் உலர்த்திக் கொடுக்க முடியவில்லையே என்று தலையைக் கல்லில் மோதத் துணிந்தவர் அவர். அந்தக் கந்தைக்குரியவர் குளிரால் வருந்துவாரே என்பதே அவருடைய கவலை. மகாபாரதத்திலே, தவத்தால் கர்வமுற்ற கௌசிக முனிவர் தருமத்தைக் கற்பதற்கு மிதிலை நகரத்து இறைச்சிக் கடையில் நின்ற தருமவியாதரிடம் அனுப்பப்பட்டார். தருமம் எந்தக் கடையில் இருக்கும் என்று நாம் முன்கூட்டித் தீர்மானிக்க முடியாது. சென்ற மாதம் அது நமது பின்வளவிலே ஒரு பரலின் அருகே குந்தியிருந்தது. நாம் அதனோடு பேரம் பேசினோம்.

வாலிபர்களே, பேச்சோடு நின்றால் இக் கூட்டத்தால் பயனில்லை. ஆகவே மூன்று காரியங்களைச் சங்கத்தின் முன் வைக்கிறேன்.

முதலாவது, இனி நமது மண்டபத்திலிருந்தோ வீடுகளிலிருந்தோ பழைய இரும்பு கொடுக்கும்போது அதைத் துப்புரவாக்கிக் கொடுப்போம். மூடிய கலங்களைத் திறந்து வடித்து வைப்போம். பற்றரியையும் காஸ் சிலிண்டரையும் குவியலுக்குள் மறைத்து எடையைக் கூட்டமாட்டோம். சிலிண்டரை நாமே திறக்க முயலாமல் விற்றவரிடமே ஒப்படைப்போம். வைத்தியசாலை, ஆய்வுகூடம் ஆகியவற்றின் பழைய கருவிகளையும், காணியில் அகப்படும் சந்தேகமான உலோகப் பொருள்களையும் தொடாமல் உரிய அதிகாரிகளுக்கு அறிவிப்போம். எடையில் மறைத்த அழுக்கு எவருடைய உடலிலோ காயமாக வெளிப்படும்.

இரண்டாவது, சென்ற மாதம் பழைய இரும்பு விற்று வந்த பணம் இன்னும் தனாதிகாரியிடம் செலவாகாமல் இருக்கிறது. அதை வைத்து இப் பகுதியில் பழைய இரும்பு சேர்ப்பவர்களுக்குத் தடித்த கையுறையும் காலணியும் வாங்கிக் கொடுக்கலாம். துருப்பிடித்த இரும்பு கிழித்தால் ஏற்புவலி வரக்கூடும். அதற்குரிய தடுப்பூசி போட அவர்களை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல நமது வாலிபர்களில் இருவர் முன்வரலாம். அவர்களுடைய பிள்ளைகள் நமது மாலை வகுப்புக்கு வருகிறார்களா என்றும் விசாரிக்க வேண்டும். நான் பார்த்த வரையில் ஒருவரும் வரவில்லை. அழைக்காத விருந்துக்கு யார் வருவார்?

மூன்றாவது என் சொந்த விண்ணப்பம். அந்த முதியவரை இன்றைய பூசைக்கு அழைக்கவேண்டுமென்று நேற்று அவருடைய வீட்டைத் தேடிப் போனேன். அவர் வீட்டில் இல்லை. தூரத்து ஊரொன்றுக்கு இரும்பு எடுக்கப் போய்விட்டார் என்றார்கள். அவருடைய மனைவியிடம் சங்கத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு மன்னிப்பு என்று அந்த அம்மாவுக்கு விளங்கவில்லை. பேரம் பேசப்படுவதும் பகிடி பண்ணப்படுவதும் அவர்களுடைய தொழிலின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது போலும். அது என்னை மேலும் வருத்தியது.

இன்று நமது பீடத்தில் உளியும் மண்வெட்டியும் பேனாவும் இருக்கின்றன. ஒரு தராசுக்கும் ஒரு காந்தத்துக்கும் அங்கே இன்னும் இடம் இருக்கிறது. வருகின்ற ஆண்டு ஆயுத பூசையன்று அவருடைய தராசுக்கும் சந்தனம் இட்டு, அவரை முன் வரிசையில் இருத்தி, முதற் பிரசாதத்தை அவர் கையில் கொடுப்பது என்று சங்கம் இன்றே தீர்மானிக்கும்படி வேண்டிக்கொள்கிறேன். அதுவரை அந்த வழியால் அவருடைய சைக்கிள் போகக் கண்டால், தயவுசெய்து யாராவது ஒரு வாலிபர் அவரை மறித்து உள்ளே அழைத்து வாருங்கள். நாம் கொடுக்க மறந்த தேநீர் இன்னும் மிச்சமாக இருக்கிறது.